பாதி சிப்பி, பாதி தாடி

இன்றைக்குக் காலையில் அந்தத் தாடிக்காரன் மறுபடியும் வந்துவிட்டான்.

பிரின்டரிலிருந்து தலைகீழாக வந்தான். முதலில் தாடி, பிறகு திறந்த வாய், பிறகு மூக்கில் பாதி, கடைசியாக அந்த ஒற்றைக் கண். சூடான காகித வாசனை மூக்கில் ஏறியதும் நான் டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். உனக்குத்தான் தெரியுமே, பயம் வந்தால் மற்றவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், எனக்கு வேறு இடம். "உமக்குத் தைரியம் இல்லன்னு யாருவே சொன்னா? உம்ம வயித்துக்குத்தான் இல்ல" என்று கேன்டீனில் நாலு பேர் கேட்கச் சொல்வாய். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு மறுபடியும் ஓடுவேன்.

பாரிஸ் கடைக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அதே சூப் பாத்திரத்துக்கு மறுபடி ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் படம். நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது. உன் பெயரில் ஒரு தப்பு எழுதப்பட்டதே, அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வாரமாக இதோ அதோ என்று தள்ளிக்கொண்டு வந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். வழக்கம்போல நடுவில் ஊர்க்கதை பேசித் தப்பிக்கப் பார்ப்பேன். நீ கண்டுகொள்ளாதே.

அந்தத் தாள்கள் முதன்முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? ஒரகடத்தில் நம் தெரு முழுக்கக் கார்க் கதவும் கார் சீட்டும் செய்துகொண்டிருக்க, நாம் மட்டும் பித்தளைப் பாத்திரத்தில் பூப் போட்டு வெள்ளி முலாம் பூசிக்கொண்டிருந்தோம். படப்பை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவன் "எந்தக் கம்பெனி, இன்னா லைன்?" என்று கேட்டால், "சூப் சட்டி" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. நீதான் முந்திக்கொண்டு "எக்ஸ்போர்ட்" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பாய். அவன் மரியாதையாக நகர்ந்து உட்காருவான்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் யாரோ செப்புத் தகட்டில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த படங்கள் அவை. வெள்ளிப் பட்டறைக்காரர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, பெரிய வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போகும் தட்டு, கிண்ணம், உப்புச் சிமிழ் எல்லாவற்றிலும் அதைப் பார்த்து வேலைப்பாடு செய்தார்களாம். தையற்கடையில் தொங்குமே ஜாக்கெட் டிசைன் புத்தகம், அது மாதிரி. பாரிஸ்காரர்கள் அந்தத் தாள்களைப் படம் எடுத்து அனுப்பி, இதில் இருக்கிறபடியே வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இருக்கிறபடியே என்ற அந்த ஒரு சொல்லில்தான் நாம் இருவரும் விழுந்தோம்.

பாண்டிச்சேரியில் மச்சினன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் தங்கிய ஒரே தகுதியில், கம்பெனிக்கே நான்தான் பிரெஞ்சு நிபுணன். இலைச்சுருளைப் பார்த்தால், "ஆமா, அங்க எல்லாம் இப்டித்தான்" என்பேன். எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அந்தச் சூப் பாத்திரத்தின் படத்தைக் கணினியில் வரைய உட்கார்ந்தபோதுதான் எனக்கே கொஞ்சம் உதைத்தது. இடது பாதியில் சிப்பி, இலை, டால்பின் மீன் கைப்பிடி. வலது பாதியில் திராட்சைக் கொடி, பாம்புக் கைப்பிடி, தாடி வைத்த ஒரு பயங்கர முகம். மூடியின் நடுவில் கத்தியால் அறுத்தது போல இரண்டும் சந்தித்தன. சிப்பியும் பாதி, முகமும் பாதி.

"இன்னாபா இது? ஒரு பக்கம் சிப்பி கீது, ஒரு பக்கம் தாடி கீது?" என்று உன் சோதனை மேஜைக்குத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நீ பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாய். "வே, நம்ம சாமியே பாதி ஆம்பள பாதி பொம்பளையா நிக்காரு. சூடம் காட்டிக் கன்னத்துல போட்டுக்கிடுதோம். பிரெஞ்சுக்காரன் சட்டி பாதி பாதியா நிக்கப்புடாதாக்கும்?"

"அதானே. அங்க எல்லாம் இப்டித்தான்" என்றேன் நான்.

முதல் பாத்திரத்தில் மிஷின் கோடு போட்டு, மெருகேறி, முலாம் பூசி வந்தபோது நீ அதைத் தாளோடு ஒரு மணி நேரம் ஒத்துப் பார்த்தாய். தாளில் இருப்பது பாத்திரத்தில் இருந்தது. "அதுக்கு மேல யோசிச்சா அது குவாலிட்டி இல்லவே, குறும்பு" என்பது உன் கட்சி. கையெழுத்துப் போட்டாய். தாளின் வெற்று ஓரங்களைக் கத்தரித்து, பிளாஸ்டிக் கவருக்குள் செருகி, மேஜையில் வைத்தாய். அந்தக் கறுப்புக் கைப்பிடிக் கத்தரிக்கோலை நூல் போட்டு மேஜைக் காலில் கட்டியிருப்பாயே, முலாம் அறை சூப்பர்வைசர் அதில்தான் மீசை வெட்டிக்கொள்கிறான் என்று தெரிந்த பிறகு கட்டியது. பார்த்தாயா, ஊர்க்கதைக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மதியம். கேன்டீன் எலுமிச்சை சாதம் முடித்துவிட்டு நீ கை கழுவப் போயிருந்தாய். நான் உன் மேஜையில் உட்கார்ந்து அந்தத் தாளை நோண்டிக்கொண்டிருந்தேன். படத்துக்கு அடியில் எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி. அதை நான் படம் வரைந்தவனின் பெயர் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். போன் கேமராவைக் காட்டினால் தமிழில் சொல்லும் என்று என் மகள் முந்தின நாள்தான் காட்டிக்கொடுத்திருந்தாள். சும்மா காட்டினேன்.

போன் அரைகுறைத் தமிழில் ஏதோ உளறியது. உளறலிலும் விஷயம் புரிந்தது. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு விதமான அலங்காரத்தைப் பாதிப் பாதியாகக் காட்டியிருக்கிறதாம். தொழிலாளி தனக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டு, மறுபாதியையும் அதே போலச் செய்துகொள்ள வேண்டுமாம்.

சிப்பி என்றால் முழுச் சிப்பி. தாடி என்றால் முழுத் தாடி. அந்தக் காலத்து வெள்ளிக்காரன் எவனுக்கும் சொல்லாமலே தெரிந்திருக்கும். நாம்தான் மாதிரிப் படத்தையே பாத்திரம் என்று நினைத்துவிட்டோம்.

எழுந்து முலாம் அறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். ரேக் முழுக்க மூடிகள். முந்நூறுக்குக் குறையாது. அத்தனையிலும் ஒற்றைக் கண். விளக்கு வெளிச்சத்தில் அத்தனை கண்ணும் பளபளவென்று என்னையே பார்த்தன.

அப்போதே சொல்லியிருக்கலாம். உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். மேனேஜரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை படப்பையில் முடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு திங்கட்கிழமை காதோரம் கறுப்பாக வந்து நிற்கும் அதே மனிதர்தான். ஆனால் அவர் கத்தினால் கட்டடம் அதிரும். "பிரெஞ்சு நிபுணரே, அடியில இருக்கறது இன்னான்னு உனக்குத் தெரியலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். கேன்டீன் என்னைப் பார்த்து வருஷக்கணக்கில் சிரிக்கும். நாற்பத்தொன்பது வயதில் வேறு கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டி வரும். அந்த வரி மட்டும் இல்லாமல் இருந்தால் யார் மேலும் தப்பு இல்லையே என்று தோன்றியது. பாதிப் பாதியாகப் படம் அனுப்பியது அவர்கள்; இருக்கிறபடியே செய்தது நாம்.

கணினியில் அந்த வரியை வெட்டிவிட்டுப் புதிதாக ஒரு தாள் எடுத்தேன். டீ நேரத்தில் நீ எழுந்து போனதும் கவரிலிருந்த பழைய தாளை உருவிவிட்டு அதைச் செருகினேன். பழையதைக் கிழித்துக் கேன்டீன் எச்சில் தொட்டியில் போட்டேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் இன்னும் முடியவில்லை.

பாரிஸ்காரர்களுக்காகச் சென்னையிலிருந்து ஒரு அம்மா சரக்கைப் பார்க்க வந்தார்களே, அந்த நாளை நீ எப்படி மறந்திருப்பாய். மூடியைக் கையில் எடுத்ததும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது என்ன சார், பாதி சிப்பி, பாதி தாடி?"

"பேப்பர்படி கரெக்ட் மேடம். ஒரு கோடு மாறல" என்று நீ பெருமையாகக் கவரை நீட்டினாய்.

"பேப்பர்லயே போட்டிருக்கே, ஏதாவது ஒரு பக்கம் எடுத்துக்கங்கன்னு."

"எங்க மேடம்?"

அவர்கள் தங்கள் தாளை எடுத்து உன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர்களுடையது ஒரு விரல் அளவு நீளமாக இருந்தது. அந்த ஒரு விரலில் அந்த வரி இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"யாருய்யா வெட்னது?" என்றார் மேனேஜர். "பேப்பரு யார் டேபிள்ல கீது?"

நான் உனக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை இறக்கை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

"ஓரத்த நான்தான் வெட்டுவேன் சார், கவருக்குள்ள போகணும்லா" என்றாய். "ஆனா எழுத்து இருந்தா வெட்ட மாட்டேன். வெட்ட மாட்டேன்... வெட்டிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கேன்."

நெனைக்கேன் என்று நீ சொன்னபோது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கு அந்த இடத்தில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி நான் சொன்ன கேலியெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் நான்.

உன் கோப்பில் "ஆவணத்தைத் திருத்தியவர், சோதனை வேலைக்கு வேண்டாம்" என்று எழுதினார்கள். பேக்கிங் பகுதிக்கு அனுப்பினார்கள். சரக்கு முழுவதையும் நாங்கள் மறுபடி செய்தோம்; நீ அட்டைப்பெட்டி மடித்தாய்.

அதற்குப் பிறகும் ஐந்து மாதம் நாம் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டோம். உனக்குத் தெரிந்துவிட்டது, என்னைச் சிறிது சிறிதாகக் கொல்கிறாய் என்றே நான் நம்பினேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "வே, உம்மட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்பாய். உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்துவிடுவேன்.

"படப்பை பரோட்டாக் கடையில அந்தச் சால்னாவுக்கு என்னத்த அரைச்சு ஊத்துதான்?"

"தேங்காபா, தேங்கா" என்று கத்துவேன். அதற்கு எதற்கு இவ்வளவு சத்தம் என்று பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்கும்.

நீ பேச்சைக் குறைத்தாய். பூட்டிய லாக்கரைத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தாய். மடித்து ஒட்டிய பெட்டியை மறுபடி பிரித்துப் பார்த்து ஒட்டினாய். எல்லாம் எனக்காக நடத்தும் நாடகம் என்று நினைத்தேன். திருடனுக்கு ஊரில் நடப்பதெல்லாம் தன்னைப் பற்றித்தானே.

பிறகு ஊர்க் கோயில் கொடைக்குப் போன இடத்தில் உனக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. அடுத்த போனில் நீ இல்லை. கம்பெனியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. கண்ணை மூடிப் படுத்திருக்கிற உன்னைப் பார்க்கக்கூட எனக்குப் பயம்.

போன மாதம் உன் மனைவி நம் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தாள். என்னை அண்ணாச்சி என்றும் அவளைத் தங்கச்சி என்றும் நீதான் முறை வைத்தாய். ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனி லைனில் செக்கிங் பார்த்தவள். சோதனை மேஜைக்கு அவளை விடப் பொருத்தமான ஆள் இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"உன் தோஸ்த்து சம்சாரமாமே? பொண்ணு சுறுசுறுப்பாத்தான் கீது. ஆனா வூட்டுக்காரன் ஃபைல்ல இப்டி எழுதிக்கீதே. அதே டேபிள்ல எப்டி குந்த வெக்கறது? நீ இன்னா சொல்ற?"

"யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன். இதிலும் யோசனை எனக்கு.

வெளியே செக்யூரிட்டி அறை பெஞ்சில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் லாரிகளைப் பார்த்தோம்.

"கடைசில அவுக ஒரு மாதிரி ஆயிட்டாக அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"இன்னாமா ஆச்சு?"

"கேஸ மூடிட்டியான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போயிப் பாப்பாக. பூட்ட இழுத்து இழுத்துப் பாப்பாக. ஒரு நா வீட்டுக் கத்தரிக்கோல எடுத்து என் கையில குடுத்து, 'இத எங்கயாவது ஒளிச்சு வச்சிரு, நான் என்னத்த வெட்டுதேன்னு எனக்கே தெரிய மாட்டேங்கு'ன்னு அழுதாக. அந்தப் பேப்பர அவுகதான் வெட்டினாகளாம். வெட்டினது மட்டும் ஞாவகம் இல்லையாம். புத்தி தவறிக்கிட்டு வருதோன்னு அந்தப் பயத்துலயே கெடந்தாக."

அப்போதும் என் புத்தி எங்கே போயிற்று பார். "வேற யார் மேலயாச்சும் சந்தேகப்பட்டானாமா?" என்று கேட்டேன்.

"யாரப் போயிச் சந்தேகப்படுவாக?" என்றாள் வெள்ளந்தியாக. "அந்த டேபிளுக்கு உங்கள விட்டா வேற யாரு வருவா?"

உனக்குத் தெரியும் என்று நினைத்து நான் ஐந்து மாதம் பயந்தேன். நீயோ, எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் என்னை விட்டுவிட்டு, உன் கையையே சந்தேகப்பட்டுப் பயந்திருக்கிறாய். என் பயத்துக்காவது ஒரு காரணம் இருந்தது. உன்னுடையதை நான் ஒரு டீ நேரத்தில் செய்து உன் கவருக்குள் செருகிவிட்டுப் போயிருக்கிறேன்.

அன்று மாலையே மேனேஜர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டுமுன் மூன்று முறை திரும்பி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "சார், அந்தப் பேப்பர வெட்னது நான்" என்றேன். "எந்தப் பேப்பரு?" என்றார். அவருக்கு மறந்தே போயிருந்தது. முழுக் கதையும் சொல்லி, கணினியில் வெட்டிய படத்தையும் காட்டினேன். கத்துவார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"அப்பவே சொல்லிக்கலாமேய்யா. அப்போ மூடிங்க மட்டும்தானே ஆயிருந்துச்சு, அத மட்டும் திருப்பி அடிச்சிருப்போம். நாலு நாள் வேல."

நாலு நாள் வேலை. அவ்வளவுதான்.

உன் கோப்பில் இருந்ததை அடித்து, என் கோப்பில் எழுதினார். தங்கச்சிக்கு வேலை போட்டார். எனக்கு ஒரு கட்டளையும் போட்டார்: இனி நான் எடுக்கும் ஒவ்வொரு தாளும் மிஷினுக்குப் போவதற்கு முன்னால் சோதனை மேஜைக்குப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். சோதனை மேஜையில் இருப்பது உன் மனைவி.

அவள் சேர்ந்த முதல் நாளே, சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லிவிட்டேன். டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். நடுவில் ஒரு தரம்கூட என்னைப் பார்க்கவில்லை.

"அந்த வரியில என்ன எழுதியிருந்துச்சு?" என்றாள்.

சொன்னேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்ளோதாம்மா."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். "எங்கிட்ட ஏன் கேக்கீக? எனக்கு நீங்க ஒண்ணும் செய்யலையே. செஞ்சது அவுகளுக்கு. அவுககிட்டச் சொல்லுங்க."

"அவன்தான் இல்லியேமா."

"அது உங்க பாடு அண்ணாச்சி. நான் தூது போக மாட்டேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போகிறேன். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தாளின் நாலு ஓரத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "சொல்லிட்டீகளா?" என்கிறாள். "இன்னும் இல்லம்மா" என்கிறேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறாள். மூன்று வாரமாக இதே பேச்சு. மேனேஜர் கத்தினால் கட்டடம்தான் அதிரும். இவள் கேட்டால் எனக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

இன்று தாடிக்காரனைக் கொண்டுபோய் வைத்தேன். ஓரங்களைத் தடவிக்கொண்டே வந்த விரல் அடியில் அந்த வரியில் நின்றுவிட்டது. "இதுவா?" என்றாள். "இதான்" என்றேன். விரலை எடுக்கவில்லை. "சொல்லிட்டீகளா?" என்று கேட்டபோது அவள் குரல் முதன்முறையாக உடைந்தது. "இன்னிக்கிச் சொல்லிடறேம்மா" என்று வந்துவிட்டேன்.

ஆகவே கேள். அந்த வரியை வெட்டியவன் நான். உன் கை அதைத் தொடவில்லை. நீ எழுத்து இருந்தால் வெட்டுகிறவன் இல்லை, அன்றைக்கும் வெட்டவில்லை. அடுப்பு மூடியிருந்தது, பூட்டும் பூட்டியிருந்தது. உன் புத்தி கடைசிவரை சரியாகத்தான் இருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு அவளிடம் "சொல்லிட்டேம்மா" என்பேன். அதோடு விடுகிற ஆளா அவள்? கையெழுத்துப் போடாமல் பேனாவை வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "அவுக என்ன சொன்னாக?" என்று கேட்பாள்.